விற்பனைக்கு வராத நிலத்தைத் தேடி வாங்குவது: ஒரு முழுமையான வழிகாட்டி

நிலம் வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குவார்கள், இரண்டு தரகர்களிடம் சொல்லி வைப்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் நல்ல நிலம் பலகை மாட்டிக்கொண்டு காத்திருப்பது அபூர்வம். பக்கத்து நிலத்துக்காரரோ, சொந்தக்காரரோ, அதில் குத்தகைக்கு உழுதவரோ விஷயம் வெளியே வருவதற்குள் வாங்கிவிடுவார்கள். இன்னொரு பக்கம், விற்கலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருக்கும் உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாங்களாக விளம்பரம் கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. யாராவது வந்து முறையாகக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

எனக்கு நிலம் அமைய மூன்று வருடம் ஆயிற்று. அதில் பாதி விளம்பரங்களிலேயே கழிந்தது. கடைசியில் வாங்கியது, எங்குமே விற்பனைக்கு என்று சொல்லப்படாத ஓர் இடம். ஒரு கடிதத்தில் தொடங்கி, பதினான்கு மாதம் கழித்துப் பதிவானது. அந்த அனுபவத்தில் கற்றதையும், அதற்கு முன் செய்த தவறுகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

"நல்ல இடமா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைத்தால், யாரோ தள்ளிவிட நினைக்கும் இடம்தான் உங்களிடம் வரும். எதற்காக நிலம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு என்றால் சாலை, மின்சாரம், கழிவுநீரை உறிஞ்சும் மண் ஆகியவை முக்கியம். பயிருக்கு என்றால் மண்ணின் ஆழம், தண்ணீர், அறுவடை இயந்திரம் வந்து திரும்ப இடம். மரம் வளர்க்க என்றால் சரிவான நிலம்கூடப் போதும், விலையும் குறையும். விட்டுக்கொடுக்கவே முடியாதவை என்று மூன்று அல்லது நான்கை மட்டும் குறியுங்கள். பத்து எழுதினால் எந்த நிலமும் தேறாது.

அளவைக் காலால் உணர்ந்துகொள்வது நல்லது. 1 ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். 1 ஹெக்டேர் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது சுமார் 2.47 ஏக்கர். ஒரு மைதானத்தில் இதை நடந்து பாருங்கள். ஐந்து ஏக்கர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு உண்மையில் ஒன்று போதும்.

சட்டத்தையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்துக்கு உரிமையாளராக முடியாது. ஹாங்காங்கில் ஏறக்குறைய எல்லா நிலமும் அரசு தந்த குத்தகைதான். பிரான்ஸில் விளைநிலத்தை விற்க ஒருவர் உங்களோடு ஒப்புக்கொண்ட பிறகும், சாஃபேர் என்ற அமைப்பு தன் முன்னுரிமையைப் பயன்படுத்தி அதைத் தானே வாங்கிக்கொள்ள முடியும். அமெரிக்காவில் மேல்மண் ஒருவருக்கும் அடியில் உள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். அதன் மேற்கு மாநிலங்களில் தண்ணீர் உரிமையே தனிச் சொத்து. நீங்கள் தேடும் இடத்தில் நிலத்தோடு எதெல்லாம் சேர்ந்து வருகிறது, அங்கே என்ன கட்ட அனுமதி உண்டு என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம்.

2. வரைபடத்தோடு சில மாலைகள்

தேடும் பரப்பைச் சிறிதாக்குங்கள். ஒரு மாவட்டம் முழுவதும் தேடுகிறவருக்கு எதுவும் கண்ணில் படாது. ஐந்தாறு கிராமங்களை மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு ஆறு மாதத்தில் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி ஆகிவிடும்.

சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தில் தொடங்குங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு அதிகம். இரண்டு கோடுகளுக்கு நடுவே உயர வித்தியாசம் 10 மீட்டர், தரையில் தூரம் 100 மீட்டர் என்றால் சரிவு 10 விழுக்காடு. அதற்கு மேல் போகப்போக அடித்தளத்துக்கும் பாதைக்கும் செலவு ஏறும். கோடுகள் மேட்டுப் பக்கம் பார்த்து ஆப்பு போலக் குத்தி நின்றால் அது தண்ணீர் இறங்கும் பள்ளம். வரைபடத்தில் ஓடை வரைந்திருக்காவிட்டாலும் பெருமழையில் அங்கே ஓடை இருக்கும்.

அடுத்தது செயற்கைக்கோள் படங்கள். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகிறது. அந்தக் காப்பகம் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான செண்டினல்-2 சில நாட்களுக்கு ஒரு முறை, 10 மீட்டர் துல்லியத்தில் படம் தருகிறது. கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய படங்களை வரிசையாகப் புரட்டலாம். ஒரு நிலத்தை வறட்சியின் கடைசியிலும் மழையின் உச்சத்திலும் எடுத்த படங்களில் பாருங்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தால், கிணறு இருக்கலாம், ஊற்று இருக்கலாம், தாழ்வான சதுப்பாகவும் இருக்கலாம். மழைக்காலப் படத்தில் அதே இடம் கண்ணாடி போல மின்னினால் அது சதுப்புதான். நிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மெல்லிய வெளிர்கோடு தெரிந்தால், யாரோ வருடக்கணக்காக அதன் வழியே நடக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கோடு பின்னால் வழக்காக வரலாம்.

இந்தப் படங்களோடு நில அளவை எல்லைகளைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் வாய்ப்புகள் தெரியத் தொடங்கும். நான் முதலில் தேடுவது வெட்டுப்பட்ட துண்டுகளை. புதிதாகச் சாலை போட்டபோதோ கால்வாய் வெட்டியபோதோ, ஒரு பெரிய நிலத்திலிருந்து பிரிந்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மூலைகள் அவை. உரிமையாளருக்கு அங்கே போய் வருவதே தொல்லை. சிறிய இடம் தேடுபவருக்கோ சாலையை ஒட்டிய அழகான மனை. இரண்டாவது, பல வருடப் படங்களிலும் உழவே படாத நிலம். மூன்றாவது, ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருக்கும் இடத்தை ஒட்டியவை. ஒருவர் விற்றால் அண்டை நிலத்துக்காரரும் அதைப் பற்றி யோசிப்பார்.

இப்படி இருபது முப்பது துண்டுகளைப் பட்டியல் போட்டு எண் கொடுங்கள். ஒரே ஒரு நிலத்தின் மேல் ஆசையை வைத்துக்கொண்டு உரிமையாளரைச் சந்தித்தால், உங்கள் குரலே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

3. காலால் பார்ப்பது

பொதுச் சாலையிலிருந்தே நிறையத் தெரியும். அனுமதி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். பின்னால் அதே உரிமையாளரிடம்தான் போய் நிற்கப் போகிறீர்கள். ஒரு முறையாவது கனமழை பெய்த மறுநாள் போங்கள். வேலியில் சிக்கிய குப்பையும் மரத்தின் அடிப்பகுதியில் காய்ந்த வண்டல் கோடும் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்லும். கோரையும் நாணலும் செழித்திருந்தால் தண்ணீர் தேங்கும் மண். இன்னொரு முறை இரவில் போங்கள். பகலில் தெரியாத சத்தமும் நாற்றமும் அப்போது தெரியும்.

வழியில் பார்ப்பவர்களிடம் பேசுங்கள். எடுத்த எடுப்பில் "இது யாருடையது, விற்பார்களா" என்று கேட்டால் அன்று மாலையே ஊர் முழுக்கச் செய்தி போய், விலை கூடிவிடும். "இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி?" என்று தொடங்கினால் மற்றது தானாக வரும்.

4. உரிமையாளர் யார்?

இதில் நாடுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 முதல் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நிலப் பதிவேட்டைப் பார்க்கலாம். ஜெர்மனியில் நியாயமான காரணத்தைக் காட்டினால்தான் பதிவேட்டைத் திறப்பார்கள். அமெரிக்காவில் பொதுவாக ஒவ்வொரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வரிப் பதிவேட்டிலும் உரிமையாளரின் பெயரும் வரி ரசீது போகும் முகவரியும் இருக்கும். அந்த முகவரி முக்கியமானது. நிலம் ஓர் ஊரில், ரசீது போவது வேறு ஊரில் என்றால், தொலைவில் இருந்துகொண்டு வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பதிவேட்டில் இருக்கும் பெயருக்கு எவ்வளவு பலம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று அரசே உறுதி தருகிறது. வேறு பல நாடுகளில் பதிவாவது பத்திரம் மட்டும்தான். இவர் அவருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது சான்று. எழுதிக் கொடுத்தவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதை நீங்கள்தான் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதிவேட்டில் இருப்பவர் காலமாகியிருக்கலாம். அப்போது பட்டியலில் ஒரு பெயர் இருந்த இடத்தில் ஆறு வாரிசுகள் இருப்பார்கள். அக்கம்பக்கத்து மூத்தவர்களிடம் கேட்டால் குடும்பம் எங்கே போனது என்று தெரியும். யார் பெயரில் இருக்கிறது என்பதைப் போலவே, அந்தக் குடும்பத்தில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

5. யார் விற்கக்கூடும்?

தொலைவில் குடியேறியவர்கள், வாரிசுரிமையாகப் பெற்று அதை என்ன செய்வது என்று தெரியாதவர்கள், வயதாகி உழைக்க முடியாதவர்கள், பிள்ளைகளுக்கு நிலத்தில் ஆர்வம் இல்லாதவர்கள், வரி பாக்கி வைத்திருப்பவர்கள். பட்டியலில் இவர்களை முன்னால் வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரண அறிவிப்புகளைப் பார்த்துக் கடிதம் அனுப்பச் சொல்லும் ஆலோசனைகள் உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள். துக்க வீட்டில் போய் விலை பேசுவது எந்த ஊரிலும் அசிங்கம்தான். அப்படி வாங்கிய நிலத்தில் அந்தக் குடும்பத்தின் கசப்பும் சேர்ந்தே குடியிருக்கும். ஒரு வருடம் பொறுங்கள். வரி பாக்கி வைத்திருப்பவரிடமும் அந்தப் பாக்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

6. கடிதம்

முகம் தெரியாத ஒருவருக்கு முதல் தொடர்பு கடிதமாக இருப்பது நல்லது. தொலைபேசி அவரைத் திடீரென்று பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் எளிதாக வரும் பதில் "விற்கிற எண்ணம் இல்லை" என்பதுதான். கடிதத்தை அவர் மேசையில் வைத்திருப்பார், வீட்டில் காட்டுவார், மூன்று மாதம் கழித்து எடுத்துப் படிப்பார். என் கடிதத்துக்குப் பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று.

என் முதல் கடிதங்கள் எல்லாம் வீணாயின. எடுத்தவுடனே விலை எழுதியிருந்தேன், உடனே பணம் தயார் என்றும் சேர்த்திருந்தேன். நேர்மையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதன் மதிப்பு எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்வதுபோல அது இருந்திருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. பின்னர் நான் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் பெயர் (இன்னார்). நானும் என் மனைவியும் (இந்த ஊரில்) வசிக்கிறோம். ஓடைக்கு மேற்கே, பழைய கல் களத்தை ஒட்டி இருக்கும் உங்கள் நிலத்தைச் சாலையிலிருந்து சில முறை பார்த்தோம். பதிவேட்டில் உங்கள் முகவரி கிடைத்தது.

இந்த நிலம் விற்பனைக்கு இல்லை என்று தெரியும். ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, மீதியில் பழமரங்கள் வைத்து அங்கேயே வாழ வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இதையோ இதில் ஒரு பகுதியையோ விற்கும் யோசனை எப்போதாவது உங்களுக்கு வந்தால், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறோம். உங்களுக்கு வசதியான நாளில் நேரில் வந்து பார்க்கவும் விரும்புகிறோம். அப்படி எண்ணம் இல்லை என்றால், எழுதியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டோம்."

உண்மையை மட்டும் எழுதுங்கள். மனை போட்டு விற்கப் போகிறவர் பழமரம் என்று எழுதக் கூடாது. நிலத்தை நேரில் பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளம் கடிதத்தில் இருக்கட்டும். அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியது இல்லை என்று அதிலேயே தெரியும். உறையில் முகவரியைக் கையால் எழுதுங்கள். தொலைபேசி எண்ணோடு அஞ்சல் முகவரியும் கொடுங்கள். தொந்தரவு செய்ய மாட்டோம் என்று எழுதிவிட்டால் அதைக் காப்பாற்றுங்கள். பதிலே வராவிட்டால், ஒரு மாதம் கழித்து ஒரு சிறு நினைவூட்டல் போதும். வேண்டாம் என்று சொன்னவருக்கு நன்றி எழுதிவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

7. முதல் சந்திப்பு

முடிந்தால் நிலத்திலேயே சந்தியுங்கள், அவரோடு எல்லையைச் சுற்றி நடங்கள். அன்று விலை பேச வேண்டாம். கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். எந்தக் கிணறு கடைசியாக வற்றும்? யாருடைய மாடு எங்கே நுழையும்? அந்தப் பாதை யாருக்கு? வாய்ச்சொல்லாகவாவது யாருக்காவது குத்தகை இருக்கிறதா? அம்மாவோ தாத்தாவோ நட்ட மரம் எது? அவர் சொல்லும் கதைகளில் பத்திரத்தில் இல்லாத உண்மைகள் வரும். எந்தப் பக்கத்து அண்டை வீட்டோடு பேச்சு இல்லை என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

விற்பவருக்குப் பணத்தைத் தவிர வேறு ஒரு தேவை பெரும்பாலும் இருக்கும். அறுவடை வரை காலம் வேண்டும், ஒரு மூலையில் உள்ள சமாதிக்கு வந்துபோக வழி வேண்டும், மொத்தமாக வேண்டாம் தவணையாகக் கொடுங்கள், மகளுக்கு ஒரு துண்டு விட்டுவைக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து நிறைவேற்றிக் கொடுக்க முடிந்தால், உங்களைவிட அதிகம் தருகிறேன் என்பவர் வந்தாலும் அவர் உங்களோடுதான் பேசுவார். எங்கள் நிலத்தில், கடைசி ஒரு பருவம் பழம் பறித்துக்கொள்வது அந்த அம்மாவின் ஒரே கோரிக்கை. அதை ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

அடுத்த முறை வரும்போது மண் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்து. படிந்த அடுக்குகளின் உயரமே மண்ணின் தன்மையைச் சொல்லிவிடும். வீடு கட்டுவதாக இருந்தால் கழிவுநீர் உறிஞ்சும் சோதனையை அதற்கென்று உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள்.

8. விலை

அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான விற்பனைகளைத் திரட்டுங்கள். விளம்பர விலை என்பது ஆசை. பதிவான விலையிலும் சில இடங்களில் குறைத்துக் காட்டும் பழக்கம் உண்டு, ஆகவே இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். பாதை, தண்ணீர், சரிவு, வடிவம் ஆகியவற்றுக்குத் தக்கபடி கூட்டிக் கழியுங்கள். சட்டப்படியான பாதை இல்லாத நிலத்தை, குறைந்த விலை என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். பக்கத்துக்காரர் இன்று வழி விடுகிறார் என்பது அவருடைய நல்ல குணம். அவர் மகன் விடுவாரா என்பது வேறு கேள்வி. வழிப்பாதை உரிமை எழுத்தில், பதிவில் இருக்க வேண்டும்.

முழுப் பணம் கையில் இல்லை, அனுமதி கிடைக்குமா என்றும் தெரியவில்லை என்றால், வாங்கும் உரிமையை மட்டும் ஒரு காலத்துக்கு எழுதி வாங்கலாம். சிறு தொகை கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் இன்ன விலைக்கு வாங்கும் உரிமை எனக்கே என்று ஒப்பந்தம். நீங்கள் வாங்காவிட்டால் அந்தத் தொகை அவருக்கு. இப்போது விற்க விருப்பமில்லாதவரிடம், எப்போது விற்றாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கவும் பல நாடுகளில் வழி உண்டு.

9. கையெழுத்துக்கு முன்

உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரை வையுங்கள், விற்பவரின் வழக்கறிஞரே போதும் என்று விட்டுவிடாதீர்கள். அடமானம், வழக்கு, வரி பாக்கி, குத்தகை, நீண்ட காலமாக அனுபவித்து வருபவர் எவராவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் நெடுங்கால அனுபவமே உரிமையாக மாறும். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். சில சட்டங்களில் கணவர் அல்லது மனைவியின் சம்மதமும் தேவை. பிறர் சார்பாக அதிகாரப் பத்திரத்தோடு ஒருவர் வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரண அதிகாரப் பத்திரம் பொதுவாகச் செல்லாது.

காலி நிலம் மோசடிக்காரர்களுக்கு வசதியானது. உரிமையாளர் தொலைவில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, தாங்களே அவர் என்று சொல்லி விற்றுவிடுவார்கள். பேசுபவர் நேரில் வர மறுத்து, சந்தை விலையைவிடக் குறைத்து, அவசரப்படுத்தினால், பதிவேட்டில் உள்ள முகவரிக்கு நீங்களாகவே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். முன்பணத்தை யார் கையிலும் நேரடியாகக் கொடுக்காமல், வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கிலோ (பிறர் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் கணக்கு) அதற்கு ஒப்பான ஏற்பாட்டிலோ வையுங்கள். ஒப்பந்தத்தில் அளவை, உரிமை ஆய்வு, கட்ட அனுமதி ஆகியவை சரியாக வந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனைகள் இருக்கட்டும்.

வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நம்பாதீர்கள். உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு அளந்து, அண்டை நிலத்துக்காரர்கள் முன்னிலையில் எல்லைக்கல் நடச் செய்யுங்கள். பதிவு நாளன்று பழைய பத்திரங்கள், கிணறு தோண்டிய விவரம், மின் இணைப்புத் தாள்கள், குத்தகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நிலத்தின் அடியில் குழாய் எங்கே போகிறது என்பது பெரும்பாலும் விற்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவரையே ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள்.